ஏர்போர்ட் டெர்மினல்ல டிபன் கடை எடுக்கலாமா? எம்எம்ஜி, இடம், விலை – விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தில்லைநகர்_டிபன்

வணக்கம். திருச்சியில ரெண்டு டிபன் கடை வச்சிருக்கோம், ஃபில்டர் காபி, இட்லி, பொங்கல், சாயங்காலமானா வடை பஜ்ஜி. நம்ம மாநிலத்துல ஒரு ஏர்போர்ட்ல செக்யூரிட்டி தாண்டி உள்ள ஒரு ஸ்நாக்ஸ் கவுண்டருக்கு டெண்டர் விட்டிருக்காங்க, எந்த ஊருன்னு டெண்டர் முடியுற வரைக்கும் சொல்ல வேணாம்னு பாக்குறேன். மச்சான் "எடுத்துடு, உள்ள காபி 200 ரூபாய்க்கு விக்கலாம்"ங்கறார். எனக்கு 200 ரூபாய்க்கு விக்க மனசு வரல, ஆனா உள்ள நம்ம காபி கிடைக்கணும்னு ரொம்ப ஆசை, கல்ஃபுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கு போற புள்ளைங்க ஊரை விட்டு கிளம்புறப்ப நல்லதா ஒரு வாய் குடிச்சிட்டு போகட்டுமேன்னு. டெண்டர் டாக்குமெண்ட்ல எம்எம்ஜி, ரெவின்யூ ஷேர், ரெண்டுல எது அதிகமோ அதைக் கட்டணும்னு போட்டிருக்கு. இதை எப்படி கணக்கு போடுறது, 40 ரூபாய்க்கு காபி வித்து அங்க பொழைக்க முடியுமா முடியாதா, அனுபவம் உள்ளவங்க சொன்னா புண்ணியமா போகும்.

கன்செஷன்_கணேசன்

அண்ணே வாங்க. நான் ஒரு தனியார் ஏர்போர்ட் ஆபரேட்டர்கிட்ட கமர்ஷியல் டிபார்ட்மெண்ட்ல இருந்தவன், கடைகளை குத்தகைக்கு விடுறதுதான் வேலையே. எம்எம்ஜின்னா மாசா மாசம் நீங்க கட்டியே ஆகவேண்டிய குறைஞ்சபட்ச தொகை, மினிமம் மன்த்லி கேரண்டி. ரெவின்யூ ஷேர்ங்கிறது விற்பனையில இத்தனை சதவீதம்னு. கணக்குக்கு எம்எம்ஜி 4 லட்சம், ஷேர் 30 சதவீதம்னு வச்சுக்கங்க. மாசம் 20 லட்சம் வித்தா 30 சதவீதம் 6 லட்சம், அதைக் கட்டுவீங்க. 8 லட்சம்தான் வித்துச்சுன்னா 30 சதவீதம் 2 லட்சத்து 40 ஆயிரம்தான், ஆனா எம்எம்ஜி 4 லட்சம் இருக்கே, அந்த 4 லட்சத்தை கட்டணும். அதாவது உங்க விற்பனையில சரிபாதி வாடகை. இந்த உதாரணத்துல 13 லட்சத்து 33 ஆயிரத்துக்கு மேல வித்தாதான் எம்எம்ஜி உங்க கழுத்தை பிடிக்காது.

பெரும்பாலான டெண்டர்ல ஷேர் சதவீதத்தை அவங்களே நிர்ணயம் பண்ணிட்டு எம்எம்ஜிய மட்டும் ஏலத்துக்கு விடுவாங்க, யார் அதிகமா கோட் பண்றாங்களோ அவங்களுக்கு. அதுக்கு மேல எஸ்கலேஷன் க்ளாஸ் பாருங்க, அதாவது எம்எம்ஜி வருஷா வருஷம் எவ்ளோ ஏறும்ங்கிற விதி. வருஷத்துக்கு 10 சதவீதம்னு இருந்தா 4 லட்சம் 7-ஆம் வருஷத்துல 7 லட்சத்தை தாண்டிடும்.

மலர்விழி_ஆடிட்டர்

கணேசன் சார் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, அதுதான் சின்ன கடைக்காரங்களை அடிக்கிறதே. ஜிஎஸ்டி. ஏர்போர்ட் உங்களுக்கு போடுற வாடகை பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். நீங்க சாதாரண ரெஸ்டாரண்ட் மாதிரி 5 சதவீதம் வசூல் பண்றீங்கன்னா இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது நீங்க கட்டுன ஜிஎஸ்டிய கழிச்சுக்க முடியாது. அப்ப அந்த 18 சதவீதம் உங்க கைக்காசு. 4 லட்சம்னு நினைச்சது 4 லட்சத்து 72 ஆயிரம். 8 லட்சம் விற்பனைல 59 சதவீதம் வாடகைக்கே போச்சு, இன்னும் பாலு, காபித்தூள், சம்பளம், கரண்ட், பொது பராமரிப்பு கட்டணம் எதுவும் வரல. எக்ஸல்ல இந்த வரியை சேர்க்காம டெண்டர் போட்டுட்டு அப்புறமா என்கிட்ட வந்து அழுதவங்க இருக்காங்க.

செக்யூரிட்டி டெபாசிட்டும் பாருங்க, பல மாச எம்எம்ஜிய பேங்க் கேரண்டியா கேப்பாங்க. அந்த காசு குத்தகை முடியுற வரைக்கும் முடங்கிடும்.

நெல்லை_நாடோடி

இதைப் படிக்கும்போதுதான் எனக்கு விளங்குது, ஏன் ஏர்போர்ட்ல ஒரு டீக்கு அவ்ளோ காசு புடுங்குறாங்கன்னு. வேலை விஷயமா அடிக்கடி பறக்கேன், நான் இதுநாள் வரைக்கும் கவுண்டர்ல நிக்குற பையனைத்தான் முறைச்சிட்டு இருந்தேன், பாவம் அவன் என்ன செய்வான். ஆனா அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க, எம்ஆர்பி போட்ட தண்ணி பாட்டிலை எப்படி அதிகமா விக்கலாம்? சட்டம்னு ஒண்ணு இல்லையா?

மலர்விழி_ஆடிட்டர்

இருக்கு நாடோடி. 2018 ஜனவரியிலிருந்து ஒரே பொருளுக்கு ஏர்போர்ட்டுக்கு ஒரு எம்ஆர்பி, வெளிக்கடைக்கு ஒரு எம்ஆர்பின்னு ரெண்டு அச்சடிக்கக்கூடாது. ஆனா 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஹோட்டல், ரெஸ்டாரண்ட் வழக்குல, உக்கார வச்சு பரிமாறுற இடத்துல நடக்குறது வெறும் பொருள் விற்பனை இல்ல, சேவையும் சேர்ந்தது, அதனால எம்ஆர்பி கட்டுப்பாடு அங்க செல்லாதுன்னு சொல்லிடுச்சு. புத்தகக்கடை மாதிரி இடத்துல பாட்டில் வாங்கினா எம்ஆர்பிக்கு மேல ஒரு பைசா கொடுக்காதீங்க, பில்லு கேளுங்க.

டெர்மினல்_பிளானர்_சிங்கை

நான் சிங்கப்பூர்ல டெர்மினல் ரீடெய்ல் லேஅவுட் போடுற டீம்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் கும்பகோணம். வாடகையைப் பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் இடத்தைப் பத்தி சொல்றேன், ஏன்னா ஒரே டெர்மினல்ல ஒரே வாடகைல ஒரு கடை கொழிக்கும், இன்னொரு கடை ஈ ஓட்டும்.

செக்யூரிட்டி முடியுற வரைக்கும் பயணி எதையும் பாக்க மாட்டார். பாஸ்போர்ட் எங்க, பெல்ட் எங்க, குழந்தை எங்கங்கிற பதட்டம். எக்ஸ்ரே மெஷின்ல இருந்து பையை எடுத்து மாட்டுனதும் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்க, அங்க இருந்து போர்டிங் கால் வர்ற வரைக்கும் உள்ள நேரம்தான் எங்க தொழிலுக்கு மொத்த பொழப்பும். அதனாலதான் இப்ப கட்டுற டெர்மினல்ல செக்யூரிட்டி தாண்டுன உடனே ட்யூட்டி ஃப்ரீ வழியாத்தான் எல்லாரும் நடந்தாகணும். பாதை நேரா போகாது, வளைஞ்சு வளைஞ்சு போகும், வலதுகைக்காரங்க பெரும்பாலும் வலது பக்கம் பாப்பாங்கன்னு சரக்கு அடுக்குறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. சாங்கி டெர்மினல் 4, 2017-ல திறந்தது, அங்க செக்யூரிட்டிய ஒரே இடத்துல வச்சதால அத்தனை பயணியும் ஒரே வாசல் வழியா கடைகளுக்குள்ள வந்து இறங்குறாங்க. ஒவ்வொரு கேட்டுலயும் தனித்தனியா செக்யூரிட்டி வச்ச டெர்மினல்ல இது நடக்காது, சோதனை முடிச்சு கேட்டுக்குள்ள போனவர் திரும்பி கடைக்கு வரமாட்டார்.

அப்புறம் போர்டு. ஃப்ளைட் விவரம் காட்டுற திரை கடைல இருந்து கண்ணுக்கு தெரியணும். தெரியலன்னா ஆள் உக்காரவே மாட்டார், "எதுக்கும் கேட் கிட்ட போய் இருந்துக்கலாம்"னு கிளம்பிடுவார். லண்டன் ஹீத்ரோ மாதிரி இடங்கள்ல கேட் நம்பரையே தாமதமாத்தான் காட்டுறாங்க, அது வரைக்கும் எல்லாரும் நடு லவுஞ்சுல கடைங்களுக்கு மத்தியில இருப்பாங்க.

நீங்க செய்ய வேண்டியது, டெர்மினல் ட்ராயிங்கை வாங்கி உங்க கவுண்டருக்கு முன்னாடி எந்தெந்த கேட்டுக்கு போற ஜனம் நடக்கும்னு பாருங்க. மாடி ஏறி வரணும்னா யோசிங்க. கழிப்பறை பக்கம், தண்ணி குழாய் பக்கம்னா ஜனம் தன்னால வரும், ஆனா வாசனை ஒரு பிரச்சனை. அந்த கேட்ல எந்த நேரத்துல எந்த ஃப்ளைட்டுன்னு பாருங்க. ராத்திரி 1 மணிக்கு வளைகுடா ஃப்ளைட்டுக்கு நிக்குறவங்களுக்கு இட்லி போகும். காலைல 6 மணி டெல்லி ஃப்ளைட்டுக்கு காபி மட்டும்தான், உக்கார நேரமே இருக்காது.

ஃபிட்அவுட்_பாஸ்கர்

வடை பஜ்ஜின்னு எழுதியிருக்கீங்களே, அதுக்குத்தான் வந்தேன். நான் டெர்மினல் உள்ள கடை இன்டீரியர் வேலை எடுத்து செய்றவன். முதல் கேள்வியா நீங்க கேக்க வேண்டியது இந்த யூனிட்ல எக்ஸாஸ்ட் டக்ட் (புகையை வெளியேத்துற குழாய்) இருக்கா, ட்ரெய்ன் பாயிண்ட் (கழிவுத்தண்ணி போற வழி) இருக்கா, எத்தனை கிலோவாட் கரண்ட் சாங்ஷன். கேஸ் சிலிண்டரை பெரும்பாலான டெர்மினல்ல உள்ளயே விடமாட்டாங்க, எல்லாம் கரண்ட் அடுப்புதான். டக்ட் இல்லாத யூனிட்ல எண்ணெய் சட்டி வைக்க ஃபயர்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, ஏன்னா புகை சென்சார் அடிச்சா மொத்த டெர்மினலும் நிக்கும். இந்த ஷாஃப்ட், ட்ரெய்ன் எல்லாம் கட்டிடம் கட்டும்போது ஸ்லாப்லயே முடிவு பண்றது, நீங்க பின்னாடி போய் ஓட்டை போட முடியாது. ஸ்நாக்ஸ் கவுண்டர்னு டெண்டர்ல போட்டாலே பெரும்பாலும் டக்ட் இருக்காது, வெளிய சமைச்சு கொண்டு வந்து சூடு பண்ணி விக்குற இடம். அப்ப உங்க வடை நமத்துத்தான் போகும்.

வேலை செய்ற நேரமும் பாருங்க, ராத்திரி ஃப்ளைட் கம்மியா இருக்கிற நேரத்துலதான் ட்ரில்லிங் எல்லாம் விடுவாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் பாஸ், ஒவ்வொரு டூல்ஸுக்கும் லிஸ்ட், ஸ்க்ரூ டிரைவர் எண்ணி உள்ள போய் எண்ணி வெளிய வரணும். வெளிய ஒரு மாசத்துல முடியுற வேலை உள்ள ரெண்டு மூணு மாசம் இழுக்கும். அதுக்குள்ள வாடகை ஓட ஆரம்பிச்சிடுமா, இல்ல ஃபிட்அவுட் பீரியட்னு வாடகை இல்லாத காலம் கொடுப்பாங்களான்னு ஒப்பந்தத்துல பாத்துக்கங்க.

முன்னாள்_கியோஸ்க்

நான் ஒரு ஏர்போர்ட்ல ஜூஸ், சாண்ட்விச் கியோஸ்க் வச்சிருந்தேன், இப்ப இல்ல. பேரு ஊரு வேணாம். மேல சொன்னதெல்லாம் நூத்துக்கு நூறு சரி, ஆனா எனக்கு நடந்தது வேற. கடை நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் ஒரு பெரிய ஏர்லைனை பக்கத்து டெர்மினலுக்கு மாத்துனாங்க. காலைல ஜேஜேன்னு இருந்த இடம் மறுநாள்ல இருந்து காலி. எம்எம்ஜி மட்டும் அப்படியே நின்னுச்சு. லெட்டர் போட்டேன், நேர்ல போய் நின்னேன், "உங்க ஒப்பந்தத்துல ட்ராஃபிக் கேரண்டி எதுவும் இல்லையே"ன்னு பதில். உண்மைதான், இல்ல. ஆனா ஏர்லைனை மாத்துறது அவங்க கைல இருக்கு, நஷ்டம் மட்டும் என் தலைல. இதுல என்ன நியாயம்னு இன்னைக்கும் எனக்கு ஆத்தாமைதான்.

அதனால தில்லைநகர் அண்ணே, ஒப்பந்தத்துல எதைப் பாக்காட்டியும் இதைப் பாருங்க, பயணி எண்ணிக்கை குறைஞ்சா எம்எம்ஜி குறையுமா. ஏறும்போது மட்டும் ஏறி, இறங்கும்போது இறங்காத க்ளாஸா இருந்தா கையெழுத்து போடாதீங்க. கடையை அவங்க இடம் மாத்தினா ஃபிட்அவுட் செலவு யாரோடதுன்னும் பாருங்க.

ஆளுங்க விஷயமும் சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் முடிச்சு ஏர்போர்ட் என்ட்ரி பாஸ் வாங்கணும். ஒரு பையன் திடீர்னு நின்னுட்டான்னா மறுநாளே வேற ஆளை போட முடியாது. வெளிக்கடைல மாதிரி சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க.

கன்செஷன்_கணேசன்

கியோஸ்க் அண்ணே சொல்றது வலிக்குது, நான் டேபிளுக்கு இந்தப் பக்கம் இருந்தவன். ஆனா இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லணும். ரன்வே, டெர்மினல் எல்லாத்துக்கும் கடன் வாங்கித்தான் கட்டுறாங்க. சென்னைல 2023 ஏப்ரல்ல திறந்துவச்ச புது டெர்மினல் 1,260 கோடி, திருச்சில 2024 ஜனவரில திறந்துவச்சது 1,100 கோடிக்கு மேல. உலக அளவுல பாத்தா ஏர்போர்ட்டுகளோட வருமானத்துல ஏறக்குறைய 40 சதவீதம் கடை, பார்க்கிங், விளம்பரம் மாதிரி விமானம் சாராத பக்கத்துல இருந்துதான் வருது. கடை வருமானம் இல்லன்னா அந்த சுமை யூடிஎஃப்-ஆ, அதாவது ஏர்போர்ட் பயன்பாட்டு கட்டணமா, பயணி டிக்கெட்லதான் ஏறும். நாடோடி அண்ணன் டீயில கொடுக்கலன்னா டிக்கெட்ல கொடுப்பார்.

பேங்க்காரன் கடன் கொடுக்கும்போது நிச்சயமான வருமானம் எவ்ளோன்னு கேப்பான். எம்எம்ஜிங்கிறது அந்த நிச்சயம். எல்லாமே ஷேர்னு விட்டா, கடைக்காரர் பாதி விற்பனையை பில்லு போடாம மறைச்சிடுவாரோன்னு ஒரு பயமும் இருக்கு, அதனாலதான் பில்லிங் மெஷினை ஏர்போர்ட் சிஸ்டத்தோட இணைக்கச் சொல்றாங்க.

மலர்விழி_ஆடிட்டர்

சார், டிக்கெட்ல ஏறும்ங்கிற வாதத்துல முக்கால்வாசியை நான் ஏத்துக்க மாட்டேன். 2016 விமான போக்குவரத்து கொள்கைப்படி நம்ம நாட்டுல ஹைப்ரிட் டில். கடை மாதிரி வருமானத்துல 30 சதவீதத்தைத்தான் பயணி கட்டணத்தை குறைக்க கணக்குல எடுப்பாங்க. டெல்லி, மும்பை 2006 ஒப்பந்தத்துலயும் அதே 30 சதவீதம்தான். கடைக்காரர்கிட்ட கூடுதலா 100 ரூபாய் வாங்கினா பயணிக்கு 30 ரூபாய் அளவுக்குத்தான் பலன், மிச்சம் 70 ஆபரேட்டருக்கு. ஹீத்ரோல சிங்கிள் டில், அங்க கடை வருமானம் முழுசும் விமானக் கட்டணத்தை நிர்ணயிக்கிற கணக்குக்குள்ள வருது. அங்க நீங்க சொல்ற வாதம் நிக்கும், இங்க அவ்ளோ நிக்காது.

பில்லு போடாம மறைப்பாங்கங்கிறது சரியான கவலைதான், அதுக்கு பில்லிங் மெஷின் இணைப்பு போதும். அதுக்காக எம்எம்ஜிய உச்சாணிக்கு ஏத்த வேணாம்.

நெல்லை_நாடோடி

அம்மா சொன்னியளே, இதைத்தான் எதிர்பாத்தேன். ஏழை பாழைக்கு ஏதாவது செய்யணும்லா? இப்ப உடான் யாத்ரி கஃபேன்னு ஒண்ணு வந்திருக்கு, 2024 டிசம்பர்ல கொல்கத்தால முதல்ல தொடங்குனாங்க, 2025 பிப்ரவரில சென்னைக்கு வந்துச்சு. டீ 10 ரூபா, தண்ணி 10 ரூபா, சமோசா 20 ரூபா. நான் சென்னைல குடிச்சேன், நல்லாத்தான் இருக்கு. எல்லா ஏர்போர்ட்லயும் இது வந்துட்டா தில்லைநகர் அண்ணாச்சி 40 ரூபா காபிக்கு என்ன வேலை?

தில்லைநகர்_டிபன்

அது நல்ல விஷயம்தாங்க, வரட்டும், நான் போட்டியா பாக்கல. ஆனா ஒரு டெர்மினல்ல அப்படி ஒரு கவுண்டர் இருந்து மத்த இருபது கடையும் 200 ரூபாய்க்கு வித்தா கூட்டம் அங்கேயே குவியும், ஃப்ளைட்டை விட்டுட்டு யாரு வரிசைல நிப்பா? எல்லா கடையும் நியாயமான விலைக்கு விக்கிற மாதிரி குத்தகையையே எழுத முடியாதா? இதுதான் என் மனசுல ஓடுது. ஷேரை மட்டும் வாங்கிக்கிட்டு எம்எம்ஜிய கம்மியா வச்சா நானே கையெழுத்து போட்டு தர்றேன், காபி 40-க்கு மேல விக்க மாட்டேன்னு.

டெர்மினல்_பிளானர்_சிங்கை

எழுதலாம் சார், எழுதியிருக்காங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல 1992-ல புது டெர்மினல் திறந்தப்ப, ஹீத்ரோவை நடத்துன பிஏஏ கம்பெனிகிட்ட கடைப்பகுதியை கொடுத்தாங்க. ஊருக்குள்ள என்ன விலையோ அதே விலைதான் டெர்மினல்லயும்னு ஒப்பந்தத்துலயே போட்டாங்க, ஸ்ட்ரீட் ப்ரைஸிங்னு பேரு. எல்லாரும் கடை நஷ்டமாகும்னு பயந்தாங்க, நடந்தது நேர்மாறா. ஏமாத்துறாங்கங்கிற நினைப்பு போனதும் ஜனம் தயங்காம வாங்க ஆரம்பிச்சாங்க, ஒரு பயணி செலவழிக்கிறது பல மடங்கு ஏறுச்சு. மத்த ஏர்போர்ட்டுகளும் அதைப் பாத்து பின்னாடி அந்த வழிக்கு வந்தாங்க. நியூயார்க்ல தெருவிலைக்கு மேல 10 சதவீதம் வரைக்கும்னு விதி. 2021-ல அங்க லாகார்டியா ஏர்போர்ட்ல ஒரு பீர் 27.85 டாலர்னு போட்ட மெனுவை ஒருத்தர் படம் பிடிச்சு போட, விசாரணை நடந்து விதியை இன்னும் இறுக்கினாங்க.

ஆனா ஒண்ணு, விலைக்கு உச்சவரம்பு போட்டுட்டு எம்எம்ஜியையும் ஏலத்துல ஏத்தி விட்டா நடுவுல மாட்டுறவர் கடைக்காரர்தான். அளவை குறைப்பார், பாலுல தண்ணி விடுவார், ஆள் சம்பளத்துல கை வைப்பார். விலையை பிடிக்கணும்னா வாடகையையும் சேர்த்து பிடிக்கணும். டெண்டர்ல அதிக தொகைக்கு 100 மார்க்னு வைக்காம, மெனு, விலை, உள்ளூர் சுவை, கடை நடத்துன அனுபவம் இதுக்கெல்லாம் மார்க் வைக்கணும். சாங்கில கடையை தேர்ந்தெடுக்கும்போது கான்செப்ட்டையும் எடை போட்டுத்தான் பாப்பாங்க, பணம் மட்டும் பேசாது.

சியோல்_தமிழன்

எம்எம்ஜிக்கு பதிலா பயணி தலைக்கு இவ்ளோன்னு வச்சா எல்லாம் சரியாயிடும்னு பல பேர் சொல்றாங்க, நான் இருக்கிற கொரியாவுல நடந்ததை சொல்லிடறேன். சியோல் பக்கத்துல இருக்கிற இன்ச்சியான் ஏர்போர்ட்ல ட்யூட்டி ஃப்ரீ கடைகளுக்கு முன்னாடி பெரிய பெரிய நிலையான தொகைதான். கொரியாவுல அமெரிக்க ஏவுகணை தடுப்பு அமைப்பு வச்சதுல சீனாவோட தகராறாகி, சீன சுற்றுலாக்காரங்க வராம போனதும், லோட்டேங்கிற ட்யூட்டி ஃப்ரீ கம்பெனி 2018-ல டெர்மினல் 1 கடைகள்ல பெரும்பகுதியை திருப்பி கொடுத்துச்சு. அதுக்கப்புறம் கொரோனா. 2023 டெண்டர்ல பாடம் கத்துக்கிட்டு பயணி தலைக்கு இத்தனை வான்னு (கொரியா காசு) மாத்துனாங்க. ஷில்லா, ஷின்செகேன்னு ரெண்டு கம்பெனி தலைக்கு ஏறக்குறைய 9,000 வான் கோட் பண்ணி ஜெயிச்சாங்க, ஆரம்பத்துல இருந்து அங்க இருந்த லோட்டே 22 வருஷத்துக்கு அப்புறம் வெளிய போச்சு.

பயணி எண்ணிக்கை திரும்பி வந்துச்சு, ஆனா செலவு திரும்பி வரல. முன்னாடி பெட்டி பெட்டியா அள்ளிட்டு போன சீன வியாபாரிங்க குறைஞ்சுட்டாங்க, மத்த சுற்றுலாக்காரங்க ஊருக்குள்ள ஆலிவ் யங் கடைல அழகுசாதனம் வாங்கிட்டு ட்யூட்டி ஃப்ரீய தாண்டி நடந்து போயிடறாங்க. தலை எண்ணி வாடகை, ஆனா அந்த தலை பர்ஸையே திறக்கல. ரெண்டு கம்பெனியும் 40 சதவீதம் வாடகை குறைப்பு கேட்டு கோர்ட் மத்தியஸ்தம் வரைக்கும் போனாங்க, ஏர்போர்ட் ஒத்துக்கல. 2025 செப்டம்பர்ல ஷில்லா ஒரு பகுதியை விட்டுட்டு வெளியேறுறதா அறிவிச்சுச்சு, அபராதம் கட்டினாலும் பரவால்லன்னு. அடுத்த மாசமே ஷின்செகேயும்.

வாடகையை எந்த அளவுகோல்ல அளந்தாலும் ஏலத்துல யாரோ ஒருத்தர் ஆசைல அதிகமா கோட் பண்ணுவார், ஜெயிப்பார், அப்புறம் மூச்சு திணறுவார். நம்ம அண்ணன் அந்த ஆளா ஆகிடக்கூடாதுன்னுதான் இவ்ளோ எழுதுறேன்.

கன்செஷன்_கணேசன்

சியோல் தம்பி சொன்னது எங்க துறைல எல்லாரும் படிக்க வேண்டிய பாடம். நான் ஒத்துக்குறேன், அதிக எம்எம்ஜி கோட் பண்ணவரை ஜெயிக்க வச்சுட்டு ரெண்டே வருஷத்துல கடை காலியாகி, மறுபடி டெண்டர் போட்டு, நடுவுல பலகை வச்சு மூடின இடத்தைப் பாக்கும்போது ஏர்போர்ட்டுக்கும் அது நஷ்டம்தான். உள்ள இருந்தப்ப நான் இதை பல தடவை மீட்டிங்ல பேசியிருக்கேன்.

தில்லைநகர் அண்ணனுக்கு இன்னொரு வழி. பல ஏர்போர்ட்ல மொத்த உணவுப் பகுதியையும் ஒரு பெரிய கம்பெனிகிட்ட மாஸ்டர் கன்செஷனா கொடுத்திடுவாங்க. ட்ராவல் ஃபுட் சர்வீசஸ் அந்த மாதிரி ஒண்ணு, பிரிட்டனோட எஸ்எஸ்பி குழுமம் அதுல பெரிய பங்குதாரர். அவங்க மாதிரி ஆளுங்க உள்ளூர் பிராண்டை லைசென்ஸ்ல எடுத்து நடத்துவாங்க. உங்க பேரு, உங்க ரெசிபி, ஆளும் முதலீடும் அவங்களோடது, உங்களுக்கு ராயல்டி. எம்எம்ஜி பயம் உங்களுக்கு இல்ல. பெங்களூரு ஏர்போர்ட்ல ஹட்டி காபி மாதிரி உள்ளூர் பேரு இருக்குன்னா, உள்ளூர் காபிக்கு அங்க மதிப்பு இருக்குன்னுதான் அர்த்தம்.

தில்லைநகர்_டிபன்

கணேசன் தம்பி, யோசனைக்கு நன்றி. ஆனா எங்கப்பா காலத்துல இருந்து டிகாஷன் நாங்களே இறக்குறது, கொட்டை வறுக்குறது எங்க பக்கத்து தெருவுல. நாலு மணி நேரத்துக்கு முன்னாடி இறக்குன டிகாஷன்ல எங்க பேரு போட்டு ஒரு காபி விக்குறாங்கன்னா அதை என்னால தாங்க முடியாது. பேரை கொடுத்துட்டு கையை கட்டிக்கிட்டு நிக்குறதுக்கு, இல்லாமலே இருக்கலாம்.

எல்லாரும் சொன்னதை வச்சு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். டெண்டர்ல போட்டிருக்கிற குறைஞ்சபட்ச எம்எம்ஜிக்கே, ஜிஎஸ்டி சேர்த்து, 40 ரூபா காபில கட்டுபடியாகல. 90 ரூபா வச்சா சமன் ஆகுது. டக்ட் இல்லன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன், அதனால வடையும் இல்ல. இந்த கவுண்டருக்கு நான் போடல. மச்சான்கிட்டயும் சொல்லிட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்கணும். அதே டெண்டர்ல டெர்மினலுக்கு வெளிய, டிராப் பண்ற ரோட்டு ஓரத்துலயும் ஒரு யூனிட் இருக்கு. எம்எம்ஜி ரொம்ப கம்மி. அதை யாரும் சீண்டலன்னு கேள்விப்பட்டேன். ஏன்?

டெர்மினல்_பிளானர்_சிங்கை

சார், உங்க ஊருக்கு அதுதான் சரியான இடமா இருக்கலாம், நல்லா யோசிங்க. பெரிய பிராண்டுகளுக்கு லேண்ட்சைட், அதாவது செக்யூரிட்டிக்கு வெளிய இருக்கிற பகுதி, பிடிக்காது, ஏன்னா அவங்க கணக்கு போர்டிங் பாஸ் வச்சிருக்கிற ஆளுக்கு. ஆனா நம்ம ஊர்ல ஒருத்தர் வெளிநாடு போனா வேன் வச்சு பத்து பேர் ஏத்திவிட வர்றாங்க. டிக்கெட் இல்லாம அவங்க உள்ள வர முடியாது. ராத்திரி முழுக்க வாசல்ல கம்பியை பிடிச்சுக்கிட்டு, குழந்தையை தூக்கிட்டு, கண்ணாடி வழியா உள்ள பாத்துக்கிட்டு நிக்குறவங்க அவங்க. ஒரு நல்ல இட்லிக்கும் காபிக்கும் அவங்கதான் காத்துக்கிட்டு இருக்காங்க. டெர்மினல் பிளான் போடுறவங்க இவங்களை எண்ணிக்கைலயே சேர்க்கிறதில்லங்கிறது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். சாங்கில 2019-ல திறந்த ஜூவல்ங்கிற மாலை கட்டினப்ப அதை செக்யூரிட்டிக்கு வெளிய, எல்லாரும் வர்ற மாதிரி வச்சாங்க, பயணம் போகாத ஊர்க்காரங்களே குடும்பத்தோட போய் சாப்பிடறாங்க. அது பெரிய பண முதலீடு, நம்ம விஷயம் ஒரு கவுண்டர், ஆனா யாரை நம்பி கடை வைக்குறோம்ங்கிறது ஒண்ணுதான்.

ஃபிட்அவுட்_பாஸ்கர்

வெளிய யூனிட்னா எண்ணெய் சட்டிக்கு அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனா எழுத்துல வாங்குங்க. மழை சாரல், கூரை நீளம், கை கழுவ தண்ணி, ட்ரெய்ன் இதெல்லாம் நேர்ல போய் பாருங்க, ட்ராயிங்கை நம்பாதீங்க. சரக்கு வண்டி எங்க நிறுத்தலாம்னும் கேளுங்க, டிராப் ரோட்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல வண்டி நின்னா விரட்டுவாங்க.

முன்னாள்_கியோஸ்க்

அண்ணே போகும்போது பகல்ல போகாதீங்க. வளைகுடா, சிங்கப்பூர் ஃப்ளைட் கிளம்புற நேரம் பாத்து ராத்திரி போய் நில்லுங்க. அரைவல் வாசல் எந்தப் பக்கம், ஜனம் எங்க கூடுது, ஏற்கனவே வெளிய தள்ளுவண்டில டீ விக்குறவங்க எத்தனை பேர், அவங்களை ஏர்போர்ட் விரட்டி உங்களுக்கு இடம் கொடுக்குதான்னும் பாருங்க. அவங்க வயித்துல அடிச்சு வர்ற வியாபாரம்னா அதையும் மனசுல வச்சு முடிவு எடுங்க.

மலர்விழி_ஆடிட்டர்

டெண்டர் போடுறதுக்கு முன்னாடி ப்ரீ-பிட் மீட்டிங்னு சந்தேகம் கேக்குற கூட்டம் இருக்கும், அதுக்கு முன்னாடி கேள்வியெல்லாம் எழுத்துல அனுப்பணும். வாயால கேட்டு வாயால பதில் வாங்கினா நாளைக்கு செல்லாது, எழுத்துல வந்த பதில்தான் டெண்டரோட ஒரு பாகமா சேரும். நாலு விஷயம் கண்டிப்பா கேளுங்க: பயணி எண்ணிக்கை குறைஞ்சா எம்எம்ஜி குறையுமா, ஃபிட்அவுட் காலத்துக்கு வாடகை உண்டா, டிராப் ரோட்டையோ வாசலையோ மாத்தினா என்ன நிவாரணம், எஸ்கலேஷன் எந்த தேதியிலிருந்து. நீங்க டைப் பண்ணி இங்க போடுங்க, சட்ட வார்த்தையை நான் திருத்தி தர்றேன்.

தில்லைநகர்_டிபன்

ரொம்ப நன்றிம்மா. மீட்டிங் வர்ற வியாழக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி நேர்ல போய் நின்னு பாத்துட்டு ஞாயிறு கேள்விகளை இங்க போடறேன். தள்ளுவண்டிக்காரங்க ரெண்டு பேர் எனக்கு தெரிஞ்சவங்கதான், யூனிட் கிடைச்சா அவங்களையே ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வேலைக்கு சேர்த்துக்க முடியுமான்னு பேசிட்டு வர்றேன், பாஸ் வாங்க என்ன ஆவணம் வேணும்னு கியோஸ்க் தம்பி ஒரு லிஸ்ட் போட்டுடுங்க.